தீப்பொறி விழுந்தால் உங்கள் சட்டை என்ன செய்யும்?

ஆண்டிறுதி விடுமுறையில் கேமரன் மலைக்கு முகாம் போகிறோம் என்று டெங்கில் கிளையின் புலனக் குழுவில் செய்தி போட்ட அன்றைக்கே முதல் கேள்வி வந்துவிட்டது: "அண்ணே, ரொம்பக் குளிருமா?"

குளிரும், தம்பி. எவ்வளவு குளிரும் என்பதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் 1,000 மீட்டர் ஏறும்போதும் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படியென்றால் டெங்கிலைவிட 9 டிகிரி குறைவு. இங்கே விடியற்காலையில் 24 டிகிரி என்றால் அங்கே 15. மலேசியாவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையும் கேமரன் மலையில்தான்: 1978 பிப்ரவரி 1ஆம் தேதி, 7.8 டிகிரி.

"15 டிகிரிதானே, லெக்சர் ஹால் ஏர்கோன் அதைவிடக் குளிரும்" என்று ஒரு தங்கை பதில் போட்டிருந்தாள். உண்மைதான். ஆனால் லெக்சர் ஹாலில் மழை பெய்யாது, பனி இறங்காது, நடுவில் நெருப்பும் எரியாது. இந்தப் பாடம் அந்த மூன்றையும் பற்றியது. முக்கியமாக நெருப்பைப் பற்றியது.

குளிருக்குப் போட என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். வந்த பதில்கள் இவை: மோட்டாரில் போகும்போது முன்பக்கம் பின்பக்கமாக மாட்டிக்கொள்ளும் காற்று ஜாக்கெட், ஹூடி, பசார் மாலாமில் வாங்கிய 'கம்பளி' ஸ்வெட்டர், பள்ளி டிரேக் சூட். எல்லாரிடமும் இருப்பது நம் இயக்கத்தின் டி-சட்டை. இந்தப் பட்டியலில் நெருப்புக்குப் பக்கத்தில் போட்டு உட்காரக் கூடியது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கே ஒரு தழும்பு தேவைப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில் நடந்தது. இரவு பஜனை முடிந்து எல்லாரும் முகாம்தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். விறகு ஈரமாக இருந்ததால் பக்கத்தில் கிடந்த மூங்கிலை வெட்டிப் போட்டோம். மூங்கில் கணுவுக்குள் காற்றும் ஈரமும் அடைபட்டிருக்கும். சூடேறினால் பட்டாசுபோல வெடிக்கும். அன்றைக்கும் வெடித்தது. சிதறிய தணல் துண்டு ஒன்று என் ஜாக்கெட் கை மேல் விழுந்தது. 'ஃபிலீஸ்' என்று சொல்வார்களே, ஆட்டுத் தோல்போல மெத்தென்று இருக்கும் பாலியெஸ்டர் துணி, அதுதான். பொறி அணைந்துவிட்டது, துணி அணையவில்லை. உருகி, தேன்பாகுபோல ஆகி, முழங்கைக்குக் கீழே தோலோடு ஒட்டிக்கொண்டது. நான் பதறிப்போய் அதைப் பிய்த்து எடுத்தேன். துணியோடு தோலும் வந்தது. இன்றைக்கும் அங்கே 20 காசு அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் பழைய பருத்திச் சட்டை போட்டிருந்தார். அதே வெடிப்பில் அவர் மேலும் பொறி விழுந்தது. தட்டிவிட்டார். மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை, அவ்வளவுதான்.

ஏன் இந்த வித்தியாசம்? பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் எல்லாம் பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படும் பிளாஸ்டிக் இழைகள். சாதாரண நைலான் சுமார் 220 டிகிரியிலும், பாலியெஸ்டர் சுமார் 250 டிகிரியிலும் உருகிவிடும். விறகுத் தணலின் சூடோ 600 டிகிரியைத் தாண்டும். ஆகவே பொறி பட்ட இடம் முதலில் உருகும். உருகிய பிளாஸ்டிக் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலில் ஒட்டிக்கொள்ளும். சுடுதண்ணீர் கொட்டினால் வழிந்து போய்விடும், இது போகாது.

பருத்தி உருகாது. ஆனால் எரியும். மெல்லிய, தொளதொளவென்று தொங்கும் பருத்தித் துணியில் தீ நேராகப் பிடித்தால் வேகமாக ஏறும். அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கனமான, இறுக்கமாக நெய்த பருத்தி என்றால் பொறி விழுந்த இடம் கருகி ஓட்டையாகும், தட்டிவிட நேரம் கிடைக்கும்.

ஆட்டு ரோமத்தில் நெய்த அசல் கம்பளி இரண்டையும்விடப் பெரிய கை. தீப்பற்றுவதற்கே அதற்கு 570 டிகிரிக்கு மேல் வேண்டும். அது மட்டுமில்லை. நாம் மூச்சுவிடும் காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு துணி தொடர்ந்து எரிய எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று சோதனைக்கூடத்தில் அளந்து பார்ப்பார்கள். பருத்திக்கு 18 விழுக்காடு போதும். அக்ரிலிக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். கம்பளிக்கு 25 வேண்டும். காற்றில் அவ்வளவு இல்லையே! அதனால்தான் நெருப்பை எடுத்துவிட்டால் கம்பளி தானாக அணைந்துவிடுகிறது. உருகி ஒட்டுவதும் இல்லை, கரியாகி உதிர்ந்துவிடும்.

இது நமக்குப் புதுச் செய்தியா என்றால் இல்லை. ஹோமத்தில் உட்காருகிறவர் பருத்தி வேட்டி கட்டி உட்காருவதை எல்லாக் கோயிலிலும் பார்க்கிறோம். அதை மடி, ஆசாரம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நெய் விடும்போது தீ எழும்புகிற தூரத்தில் உட்காருகிறவருக்கு உருகாத துணி ஒரு காப்பும்கூட. கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்தும்போது, தீமிதியில் தணலைப் பரப்பும்போது, தீப்பந்தம் பிடிக்கும்போது முன்வரிசையில் நிற்பது நம் இளைஞர்கள்தான். ஆனால் இப்போது அவர்கள் போட்டிருப்பது என்ன? நிகழ்ச்சிக்காக அச்சடித்த மைக்ரோஃபைபர் டி-சட்டை. அதுவும் பாலியெஸ்டர்தான். "நைலக்ஸ் சேலை கட்டிக்கிட்டு அடுப்பாண்ட போகாதடி" என்று திட்டிய பாட்டிமார்களுக்குத் தெரிந்தது, நிகழ்ச்சி ஏற்பாட்டுக் குழுவுக்குத் தெரியவில்லை.

கம்பளியும் நமக்கு அந்நியமில்லை. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நம் மக்கள் மழையிலும் பனியிலும் தலையிலிருந்து முதுகுவரை கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் கொழுந்து பறித்தார்கள். வெள்ளைக்காரத் துரைமார் கணக்குப் புத்தகத்தில் அந்தச் சொல் 'கம்ப்ளி' என்றே ஏறிவிட்டது. பல தோட்டங்களில் அதன் விலையைத் தொழிலாளியின் பற்றுக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள் என்பது வேறு கதை. நனைந்தாலும் சூடு தரும் துணி எது என்று அவர்களிடம் கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பார்கள். நம் டெங்கிலிலும் கேட்டுப் பார்க்கலாம். புத்ராஜெயா எழும்புவதற்கு முன் பிராங் பெசார் போன்ற தோட்டங்களில் பால்மரம் சீவி, பிறகு தாமான் பெர்மாத்தாவுக்கு வந்து குடியேறிய தாத்தா பாட்டிகள் இங்கே இருக்கிறார்கள். விடியற்காலை இருட்டில், இடுப்பில் கொசுவத்திச் சுருள் புகைய, என்ன உடுத்திக்கொண்டு வேலைக்குப் போனீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுதி வாருங்கள், வகுப்பில் பேசலாம்.

சிலர் கேட்பீர்கள்: "அண்ணே, நான் சைவம். ஆட்டு ரோமம் போடலாமா?" ரோமம் கத்தரித்து எடுப்பது, அதற்காக ஆட்டைக் கொல்வதில்லை. ஜபத்துக்கும் தியானத்துக்கும் கம்பளி விரித்து உட்காருவது நம் வழக்கம்தான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை என்றால் கட்டாயமில்லை. கனமான பருத்தியைக் கொண்டே சமாளிக்க வழி இருக்கிறது.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருவோம். "பருத்தி போடு, பாலியெஸ்டர் போடாதே" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போக முடியாது. மலையில் மழை பெய்யும். கேமரன் மலை உச்சியில் பாசிக்காடு இருக்கிறதே, அங்கே மழை பெய்யாத நேரத்திலும் மரம் சொட்டிக்கொண்டேயிருக்கும். பருத்தி நனைந்தால் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். ஈர ஜீன்ஸோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்தவனுக்குப் பல் கிட்டும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். அது உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்குவதன் ஆரம்பம். அதனால்தான் மலையேறிகள் பருத்தியைத் திட்டுவார்கள். இணையத்தில் 'சிறந்த குளிராடை' என்று தேடினால் எல்லாரும் ஃபிலீஸ், நைலான் என்றுதான் சொல்வார்கள். மலையேறுவதற்கு அவர்கள் சொல்வது சரி. நெருப்புக்குப் பக்கத்தில் உட்காருவது வேறு வேலை.

ஆகவே நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: நடக்கும் நேரம், நெருப்பு நேரம். பகலில் நடக்கும்போது சீக்கிரம் காயும் டி-சட்டையும் மழை ஜாக்கெட்டும் நல்லவை. முகாமுக்குத் திரும்பியதும் முதல் வேலை, நனைந்ததைக் கழற்றிவிட்டு உடம்பைத் துடைத்து, காய்ந்த உடுப்பு மாற்றுவது. நெருப்பு நேரத்துக்கென்று ஒரு செட் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, பைக்குள் பத்திரமாக வைத்திருங்கள். பகலில் எவ்வளவு குளிர்ந்தாலும் அதைத் தொடக் கூடாது.

அந்த செட்டில் என்ன இருக்க வேண்டும்? உடம்போடு ஒட்டி ஒரு பருத்தி பனியன். அதன் மேல் கம்பளி ஸ்வெட்டர். அதற்கும் மேலே கனமான பருத்திச் சட்டை அல்லது ஜீன்ஸ் துணி ஜாக்கெட். பொறியை வாங்கிக்கொள்வது இதன் வேலை. தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்று மேல், ஏனென்றால் சூடு தருவது துணியில்லை, அடுக்குகளுக்கு நடுவே அடைபட்ட காற்று. கீழே பருத்தி நீளக் காற்சட்டை, கம்பளி அல்லது பருத்திக் காலுறை, மூடிய காலணி. ஜப்பான் சிலிப்பரோடு நெருப்பைச் சுற்றி வருகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பயம். தலைக்கு ஒரு கம்பளிக் குல்லா. இந்த ஒரு சின்னப் பொருள் தரும் சுகம் பெரிய ஜாக்கெட்டும் தராது.

ஃபிலீஸோ பஞ்சு ஜாக்கெட்டோ வைத்திருக்கிறவர்கள் தூக்கிப் போட வேண்டாம். கூடாரத்துக்குள் தூங்கும்போது போடுங்கள். நெருப்பருகே போட்டே ஆக வேண்டுமென்றால் உள்ளே போட்டு, கனமான பருத்தியை மேலே போடுங்கள். அப்போதும் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்காருங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் பொறியும் போகும்.

தங்கைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது துப்பட்டா பற்றி. ஷிஃபான், ஜார்ஜெட் என்று இன்றைக்குக் கடையில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலானவை பாலியெஸ்டர். குனிந்து விறகு தள்ளும்போது முதலில் தீயில் விழுவது அதன் முனைதான். கழற்றி வையுங்கள், அல்லது குறுக்கே கட்டி இடுப்பில் செருகுங்கள். முடியைப் பின்னிக் கட்டுங்கள். தம்பிகள் ஹூடியின் தொங்கும் கயிற்றை உள்ளே விடுங்கள். கொசு ஸ்பிரேயைத் தூரத்தில் அடித்துக்கொண்டு, காய்ந்த பிறகு வந்து உட்காருங்கள். நெருப்பருகே டின்னை அமுக்கினால் அது தீயைப் பீய்ச்சும்.

துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் காற்று பட்டுத் தீ வளரும். நில், விழு, உருள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு தரையில் உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கம்பளிப் போர்வையை மேலே போட்டு அமுக்கலாம். பாலியெஸ்டர் போர்வை வேண்டவே வேண்டாம். தீக்காயத்தைக் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் கூடாது. மோதிரம், காப்பு, கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்றிவிட வேண்டும். உருகி ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது, நான் செய்த தப்பு அதுதான். அதன் மேலேயே தண்ணீர் விட்டு, சுத்தமான துணியால் தளர்வாக மூடி, மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பற்பசை, கிச்சாப், எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். திருநீறு நெற்றிக்கு, தீப்புண்ணுக்கு இல்லை. பெரிய காயமென்றால் 999.

"கம்பளி விலை கட்டுமா அண்ணே?" புதிதாக வாங்கினால் கட்டாது. பண்டல் கடைக்குப் போங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் இருக்கின்றன. குளிர்நாடுகளில் ஒருவர் போட்டுக் கழித்த ஸ்வெட்டர்கள் அங்கே குவிந்து கிடக்கும். நம் ஊரில் யாருக்கும் தேவையில்லாததால் அசல் கம்பளியும் அக்ரிலிக்கும் ஒரே கம்பியில், ஒரே விலையில் தொங்கும். தெரிந்தவனுக்கு அது அதிர்ஷ்டம்.

கண்ணை நம்பாதீர்கள், முத்திரையைப் படியுங்கள். கழுத்துக்குப் பின்னாலோ இடுப்புப் பக்கத் தையலிலோ இருக்கும். ஜப்பான் மொழியில் இருந்தால் கைப்பேசியைக் காட்டி மொழிபெயர்த்துக்கொள்ளலாம். கம்பளி 80 விழுக்காட்டுக்கு மேல் என்றால் எடுங்கள். 'கம்பளிபோல' இருக்கும் அக்ரிலிக்தான் நம்மை ஏமாற்றுவது. அது மெத்தென்று இருக்கும், சூடாகவும் இருக்கும். தீப்பிடித்தால் கொழுந்துவிட்டு எரிந்து சொட்டும். பசார் மாலாம் 'கம்பளி'யை வாங்கிய தம்பி, உன் முத்திரையில் என்ன போட்டிருக்கிறது என்று இன்றைக்கே பார்.

நெடுநாள் உழைக்குமா என்று பார்க்க, துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். முழங்கை, அக்குள் பக்கம் வெளிச்சம் ஊசி ஊசியாகத் தெரிந்தால் அங்கே நைந்துவிட்டது. தையலை இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். நூல் பல்லைக் காட்டினால் வைத்துவிடுங்கள். கை முனையும் இடுப்பு முனையும் இழுத்துவிட்டால் திரும்பச் சுருங்க வேண்டும். ஜிப்பை நான்கு முறை ஏற்றி இறக்குங்கள். சின்ன ஓட்டைக்குப் பயப்பட வேண்டாம். கம்பளி நூலால் அம்மாவிடம் சொல்லி அடைத்துக்கொள்ளலாம். இல்லை, நீங்களே கற்றுக்கொள்ளலாம், அம்மா என்ன உங்கள் தையல்காரரா?

துவைப்பதில் ஒரே எச்சரிக்கை: சுடுதண்ணீரும் மெஷினும் ஆகாது. போட்டால் சுருங்கி, அடுத்த முகாமுக்குத் தம்பி போட்டுக்கொள்வான். பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் பரப்பிக் காயவிடுங்கள். டெங்கில் ஈரக்காற்றுக்குப் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காயாமல் அலமாரிக்குள் வைக்காதீர்கள். புகை வாடை மட்டும்தான் என்றால் துவைக்கவே வேண்டாம், ஒரு நாள் காற்றில் தொங்கவிட்டால் போகும்.

ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். முகாம்தீ இரவில் இயக்க டி-சட்டையைக் கட்டாயச் சீருடை ஆக்காதீர்கள். குழுப் படம் மாலையிலேயே எடுத்துவிடலாம். அடுத்த முறை அச்சடிக்கும்போது பருத்தியில் அடிக்க எவ்வளவு கூடும் என்று விலை கேளுங்கள்.

வகுப்பில் செய்ய ஒரு வேலை. பெரியவர் ஒருவர் கூட இருக்க, வெளியில், காற்றில்லாத இடத்தில் செய்யுங்கள். வீட்டிலிருந்து ஐந்து உடுப்புகளின் உள்மடிப்பிலிருந்து ஒரு நூல் மட்டும் உருவி வாருங்கள். எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, நூலை இடுக்கியால் பிடித்து, அகல் விளக்கின் சுடரில் காட்டுங்கள். முடி கருகிய வாடை வந்து, சுடரை விட்டு எடுத்ததும் அணைந்து, மிச்சம் விரலில் பொடியானால் கம்பளி. காகிதம் எரிந்த வாடை, மெல்லிய சாம்பல் என்றால் பருத்தி. சுருங்கி, உருகி, கறுத்த புகையோடு கெட்டியான மணி ஆகிவிட்டால் பிளாஸ்டிக் இழை. அந்த மணி ஆறும்வரை தொடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் முத்திரையில் என்ன எழுதியிருந்தது, சுடர் என்ன சொன்னது என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். இயக்க டி-சட்டையின் நூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ் ஏறும் நாளுக்கு முந்தின வாரம் அந்தத் தாளை என்னிடம் கொடுங்கள். யார் யாருக்குக் கனமான மேல்சட்டை தேவைப்படுகிறது என்று பார்த்து, வைத்திருக்கிறவர்களிடம் இரவல் கேட்டு வைக்கிறேன்.